நாலாவது நாற்காலி

"ஆர்லிஸ்?" என்றாள் நெல்டா.

"ஆமா" என்றேன்.

அன்று நான் பேசியது அந்த ஒரு சொல்தான். நெல்டா குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டாள். எங்கள் பள்ளி வாரியத்தில் ஊர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஏழு பேர். நான்கு பேர் ஆமா, மூன்று பேர் இல்லை. நாலாவது ஆமா என்னுடையது. தலைவர் நாற்காலியில் இருந்த என் தம்பி வெர்லின் சுத்தியலால் மேசையைத் தட்டினான்.

"தீர்மானம் நிறைவேறியாச்சு. அடுத்தது, பஸ்ஸுக்கு டயர்."

"டயருக்கு இருக்கிற யோசனை இதுக்கு இல்ல" என்றாள் மார்ஜீன். அவள் கால்நடை மருத்துவர். இல்லை என்ற மூவரில் ஒருத்தி.

"டாக்டரம்மா, ஓட்டு முடிஞ்சுது."

"முடிஞ்சது தெரியுது. அந்தப் பத்தியில ஒரு இடத்துலகூட கடவுள்னு எழுதலையே, ஏன்? பேரைச் சொல்ல வெக்கமா?"

"அரசாங்கப் பள்ளிக்கூடத்துல கடவுள் பேர் வந்தா கேஸ் ஆகும்னு வக்கீல் எடுக்கச் சொன்னார்."

"கேட்டுக்கோங்க. கடவுளை எடுக்கச் சொல்லி வக்கீல் சொன்னாராம், இவரும் எடுத்துட்டாராம்."

இது 2005 மே மாதம், மூன்றாம் திங்கட்கிழமை. ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் உயிரியல் ஆசிரியர் பரிணாமப் பாடத்தைத் தொடங்கும் முன் வகுப்பில் ஒரு பத்தியை வாசிக்க வேண்டும் என்பதுதான் தீர்மானம். டார்வின் சொன்னதில் விடை தெரியாத இடங்கள் இருக்கின்றன. உயிர்களின் அமைப்பைப் பார்த்தால், அறிவுள்ள யாரோ ஒருவர் திட்டம் போட்டுச் செய்ததாகத் தெரிகிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. அதைப் பற்றிய புத்தகம் நூலகத்தில் இருக்கிறது, விரும்புகிறவர்கள் எடுத்துப் படிக்கலாம். அவ்வளவுதான். வாசிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

கூட்டத்துக்கு முன்னால் வண்டி நிறுத்துமிடத்தில் நான் வெர்லினிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன்.

"ஹாஸ்கெட் என்ன சொல்றார்?"

"பேப்பர் அவர்கிட்ட போயாச்சுக்கா. ஒண்ணும் ஆட்சேபம் சொல்லல."

ஹாஸ்கெட்தான் அந்த உயிரியல் ஆசிரியர். வாசிக்கப் போகிறவருக்கே மறுப்பு இல்லை என்றால் எனக்கென்ன வந்தது என்று நினைத்தேன். கடவுள்தான் எல்லாவற்றையும் படைத்தார் என்று நானும் நம்புகிறவள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஹாஸ்கெட் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையதுதான். இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம். முதல் நாள் பள்ளிக்கூடச் சமையலறையில் என்னிடம் மிளகாய்க் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இது ரெண்டையும் யாருங்க சேத்து வெச்சது?" என்று கேட்டவர். மூன்றாம் வாரம் இரண்டாவது ரொட்டி கேட்டார்.

"அந்தப் பேப்பரை முன்னாடியே பாத்தீங்களா?" என்றேன்.

"எந்தப் பேப்பர்?"

"உங்ககிட்ட வந்துச்சாமே. நீங்க ஆட்சேபம் சொல்லலைன்னு..."

நாற்காலி அவர் கையில் பாதி மடங்கி நின்றது.

"ஆர்லிஸ், நான் பத்திரிகையிலதான் படிச்சேன். இல்ல, என் மனைவி படிச்சா. காபி ஊத்திக்கிட்டே வாசிச்சா. கிண்டல் பண்றான்னு நெனச்சேன்."

"நீங்க கடவுளை நம்புறவர்தானே?"

"நம்புறதாலதான் சொல்றேன். ஞாயித்துக்கிழமை இங்க நின்னு அவரைப் பேர் சொல்லிப் பாடுறேன். திங்கக்கிழமை அவர் பேரை மறைச்சு, யாரோ ஒரு அறிவாளின்னு சொல்லி வகுப்புக்குள்ள கடத்தச் சொல்றாங்க. அது அவருக்கும் மரியாதையில்ல, பாடத்துக்கும் மரியாதையில்ல. நான் வாசிக்க மாட்டேன்."

"வாசிக்காட்டி?"

"ஜூன் முடியறதுக்குள்ள ராஜினாமா. சாலைனா டவுன்ல ஒரு பள்ளிக்கூடத்துல வரச் சொல்லிக் கேட்டிருக்காங்க." நாற்காலியை அடுக்கில் சாய்த்தார். "நீங்களும் ஆமான்னீங்களாமே."

"சொன்னேன்."

"உங்க மேல கோபமில்ல."

"கோபம் இருந்தா நல்லாருக்கும்."

"சரி. கொஞ்சம் இருக்கு."

அன்றிலிருந்து எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். வேலை எதுவும் இல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வயலைச் சுற்றினேன். இந்தப் பக்கம் மரம் குறைவு என்பதால் அந்தக் காலத்தில் வேலிக்கால்களைப் பாறையிலிருந்தே வெட்டி நட்டார்கள். என் வேலியில் மூலைக்கல் முழுக்கக் கல்லோடு கல்லாகிப் போன சிப்பி ஓடுகள். கடல் இங்கிருந்து எத்தனை நாள் பயணம் என்று ஒவ்வொரு அக்டோபரும் ஹாஸ்கெட் பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்திக் கேட்பார். நான் சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த அக்டோபரில் யார் வருவார்?

கடையில் பழங்கள் வைத்திருக்கும் பக்கம் நெல்டாவைப் பார்த்தேன். வாரியத்தின் எழுத்தர் அவள்தான். விதிப்புத்தகம் அவளுக்கு மனப்பாடம்.

"அன்னைக்கே மார்ஜீன் ஒரு வேலை பண்ணியிருக்கலாம்" என்றாள், ஒரு முலாம்பழத்தை முகர்ந்துகொண்டே.

"என்ன வேலை?"

"தோக்கப்போறோம்னு தெரிஞ்சதும் ஆமான்னு மாத்திப் போட்டிருக்கலாம்."

"அவளா? வெட்டிப் போட்டாலும் மாட்டா."

"அதான் தப்பு. ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவங்கதான் அந்த விஷயத்தை மறுபடி எடுக்கச் சொல்லலாம். அதுவும் அடுத்த மாசக் கூட்டத்துல. விட்டா, ஒரு வருஷத்துக்கு யாரும் தொட முடியாது. தோத்தவங்க மாசாமாசம் அதையே தூக்கிட்டு வரக்கூடாதுன்னு எங்கப்பா காலத்துலயே எழுதி வெச்சுட்டாங்க."

"ஜெயிச்ச பக்கம் நாலு பேருதானே?"

"நாலே பேர்தான். உன் தம்பி கேக்க மாட்டான். மத்த ரெண்டு பேரும் உன் தம்பி தும்மினா இவங்க மூக்கைத் துடைச்சுக்குவாங்க."

"இதை ஏன் என்கிட்ட சொல்றே?"

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல ஆர்லிஸ். முலாம்பழம் பாத்துக்கிட்டிருக்கேன்."

நான் வெர்லினிடம் சொல்லியிருக்க வேண்டும். ஞாயிறு மதியம் என் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. அவன் மனைவி பிரிந்து போனதிலிருந்து அப்படித்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வாய்வரை வந்தது. ஒவ்வொரு முறையும் "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா?" என்றுதான் வெளியே வந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் கணவர் டெல்மர் இறந்தது ஜூன் மாதத்தில். புதைத்துவிட்டு வந்து நாலாம் நாள், ஏதோ சத்தம் கேட்டு வெளியே பார்த்தால், வெர்லினின் அறுப்பு மெஷின் என் வயலில் ஓடிக்கொண்டிருந்தது. அவனுடைய சொந்தக் கோதுமை சாலைக்கு அந்தப் பக்கம் முற்றி நின்றது. நான் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை. அதிலிருந்து வருடாவருடம் என் வயலை அறுத்துவிட்டுத்தான் அவனுடையதைத் தொடுவான்.

ஜூன் மூன்றாம் திங்கள் வந்தது. கூட்டம் ஏழு மணிக்கு. கோதுமை ஒரே வாரத்தில் பழுத்து, ஊரே வயலில் கிடந்தது. இந்தத் தேதியை யார் வைத்தார்களோ தெரியாது. வருடாவருடம் ஜூன் கூட்டம் அறுப்பில் போய் மாட்டிக்கொள்ளும், வருடாவருடம் அடுத்த தடவை மாற்றிவிடலாம் என்பார்கள், மாற்ற மாட்டார்கள்.

மதியம் இரண்டு மணிக்கு நெல்டா போன் செய்தாள்.

"ட்வேய்ன் வரல."

மார்ஜீன், வங்கிக்காரர் கிளென் இருவரோடும் சேர்ந்து இல்லை என்ற மூன்றாமவன் ட்வேய்ன். கூலிக்கு அறுக்கிறவன்.

"எங்க இருக்கான்?"

"ஓக்லஹோமாவுல. மெஷினோட சேத்துல மாட்டிக்கிட்டானாம். உன் தம்பி பக்கத்து ரெண்டு விவசாயிகளும் அறுப்புன்னுட்டாங்க. வெர்லினும் வரலைன்னுட்டான். மிச்சம் மார்ஜீன், பேங்க் கிளென், நீ."

"மூணு பேர்."

"நாலு பேர் இல்லாட்டி கூட்டமே கிடையாது. விளக்கை அணைச்சுட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்."

"ரெண்டு நாள் தள்ளி வெச்சா?"

"தள்ளி வைக்கத் தலைவரால முடியும். தலைவர் யாரு?"

ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"நான் பாட்டுக்கு யார் யார் வர்றாங்கன்னு சொல்றேன். அது என் வேலை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மாவு பிசைந்தேன். முட்டைக்கோஸும் அரைத்த மாட்டுக்கறியும் வதக்கி, உள்ளே வைத்து மூடி, பீரோக் சுட்டேன். அறுப்பு நாளில் வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோவது பெண்கள் வேலை. பீரோக் கையில் பிடித்துத் தின்ன வசதி. இரண்டு தட்டு பீரோக் செய்து முடித்த பிறகும் கை நிற்கவில்லை. மேசையைத் துடைத்தேன். ஜன்னலைத் துடைத்தேன். ஜன்னலுக்கு அப்பால் மேற்கே வானம் பச்சை கலந்த கறுப்பாக இருந்தது.

ஐந்தரைக்கு வயலில் இருந்தேன். என் கோதுமையில் முக்கால்வாசி இன்னும் அறுக்காமல் நின்றது. வெர்லின் மெஷினை மூலைக்கல் பக்கம் கொண்டுவந்து நிறுத்தி இறங்கினான்.

"என்னக்கா, இன்னைக்குச் சீக்கிரம்?"

"ஏழு மணிக்குக் கூட்டம்."

"என்ன கூட்டம்? யாரும் வரல. பில்லெல்லாம் ஜூலையில பாத்துக்கலாம்." பீரோக்கைக் கடித்தபடி மேற்கே தாடையால் காட்டினான். "அதைப் பாத்தியா? வயித்துல ஆலங்கட்டி வெச்சிருக்கு அது. ஒம்பது மணிக்குள்ள உன்னுதை முடிச்சுடணும்."

"நீ கூட்டத்துக்கு வரணும் வெர்லின்."

"எதுக்கு?"

"அந்தப் பத்தி வாசிக்கிற தீர்மானத்தை மறுபடி எடுக்கச் சொல்லப் போறேன்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். மெஷினுக்குள் ரேடியோவில் யாரோ யாரையோ லாரி கொண்டுவரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை நாளா இந்த யோசனை?"

"மூணு வாரத்துக்கு மேல."

"மூணு ஞாயித்துக்கிழமை உன் மேசையில உக்காந்து சாப்பிட்டேன்."

"சாப்பிட்டே. ரெண்டாம் தடவை கேட்டும் வாங்கினே."

"மார்ஜீன் ஏத்திவிட்டாளா?"

"அவளுக்குத் தெரியாது. உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன்."

எண்ணெய் அப்பிய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான்.

"நீ, மார்ஜீன், கிளென். மூணு. ட்வேய்ன் ஓக்லஹோமாவுல. அப்ப நான் வராட்டி கூட்டமே இல்ல." அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் இங்கயே இருந்து உன் கோதுமையை அறுத்தாப் போதும், நான் ஜெயிச்சேன்."

"ஆமா."

"வந்தா, மூணுக்கு ஒண்ணு. தோத்தேன்."

"அந்த ரெண்டு பேரையும் ரேடியோவுல கூப்பிட்டா மூணுக்கு மூணு. மறுபடி எடுக்கவே முடியாது, தீர்மானம் அப்படியே நிக்கும். அதையும் சொல்லிடறேன்."

"உனக்கென்ன பைத்தியமாக்கா? அந்த மேகத்தை வெச்சுக்கிட்டு, என் வயலை விட்டுட்டு வாடா, வந்து தோத்துட்டுப் போடான்னு என்கிட்டயே வந்து சொல்றே!"

"வேற யார்கிட்ட சொல்றது? நீதானே நாலாவது ஆள்."

அவன் மூலைக்கல்லில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

"இந்தச் சிப்பியைப் பாரு. எத்தனை வரி, எவ்வளவு ஒழுங்கு. இது தானா வந்துச்சா? நீயே சொல்லு."

"தானா வரலைன்னுதான் நானும் நம்புறேன்."

"பின்ன என்ன கேடு? ஒரு பத்தி. ஒரு நிமிஷம். ஹாஸ்கெட் வாய் தேஞ்சுடுமா?"

"டேய், நான் முப்பத்தோரு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துல சமைச்சேன். ஒரு வருஷம், சோயா கலந்த கறியை மாட்டுக்கறின்னு பலகையில எழுதச் சொன்னாங்க. நல்ல சாப்பாடுதான். யாருக்கும் கெடுதல் இல்ல. நானும் தின்னேன். ஆனா பலகையில எழுத மாட்டேன்னுட்டேன்."

"கறியும் கடவுளும் ஒண்ணா?"

"பலகை ஒண்ணுதான். நீ நம்புறதை ஞாயித்துக்கிழமை உன் வாயால சொல்லு, நானும் பக்கத்துல உக்காந்து ஆமென் சொல்றேன். ஹாஸ்கெட் வாயில வெச்சு, அறிவியல்னு பலகை எழுதாதே."

"பிள்ளைங்களுக்கு ரெண்டு பக்கமும் தெரிய வேண்டாமா?"

"தெரியட்டும். வீட்டுல தெரியும், சர்ச்சுல தெரியும். இந்த ஊர்ல அது தெரியாத பிள்ளை எதுடா? இந்தச் சிப்பியைப் பத்தி அந்த இன்னொரு பக்கத்தைச் சொல்றதுக்கு இருக்கிறவர் ஒரே ஒரு ஆள். அவரும் சாலைனா போறார்."

வெர்லின் மேற்கே பார்த்தான். காற்று சட்டென்று நின்றிருந்தது. எங்கள் பக்கம் காற்று நின்றால்தான் பயம்.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றேன். "ஹாஸ்கெட்கிட்ட பேப்பர் போயாச்சுன்னு சொன்னியே."

"போச்சு."

"எப்படிப் போச்சு?"

"ஆபீஸ்ல அவர் பெட்டியில போட்டேன்."

"என்னைக்கு?"

"திங்கக்கிழமை."

"கூட்டத்தன்னைக்கா? எத்தனை மணிக்கு?"

"மத்தியானம். மூணு, மூணரை."

"எடுத்தாரா?"

"நான் என்ன அங்க காவலா நின்னேன்?"

"ஆட்சேபம் சொல்லலைன்னு என்கிட்ட சொன்னே."

"சொல்லலையே!"

"படிக்காதவர் எப்படிடா சொல்வார்?"

அவன் தொப்பியைக் கழற்றினான். நெற்றியில் வெயில் படாத பட்டை வெள்ளையாகத் தெரிந்தது. அறுபத்திரண்டு வயது அவனுக்கு. அந்த இடம் மட்டும் இன்னும் சின்னப் பையனுடையது.

"நான் உன்கிட்ட பொய் சொல்லலக்கா."

"இல்ல. பொய்யே தேவைப்படாத மாதிரி பாத்துக்கிட்டே."

தொப்பியைத் திரும்ப அழுத்தி வைத்துக்கொண்டான். மிச்ச பீரோக்கை என் கூடையிலேயே வைத்துவிட்டு ஏணியில் ஏறினான்.

"போ. மழை வருது" என்றான்.

மெஷின் கிளம்பியது. நானும் வண்டியைக் கிளப்பிப் பின்கண்ணாடியில் பார்த்தேன். என் கோதுமைக்குள் நேராகப் போய்க்கொண்டிருந்தது, வேகமாக.

வாரியக் கூட்டம் பள்ளி நூலகத்தில்தான் நடக்கும். ஏழு நாற்காலிகளில் மூன்றில் ஆள். எதிரே மடக்கு நாற்காலியில் ஹாஸ்கெட் தனியாக உட்கார்ந்திருந்தார்; சட்டைப் பையிலிருந்து ஒரு உறை எட்டிப் பார்த்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"விதிப்படி கால் மணி நேரம் காத்திருக்கலாம்" என்றாள் நெல்டா.

"யாராவது ரோட்டுல போய் ஒரு விவசாயியைப் பிடிச்சுட்டு வாங்க" என்றாள் மார்ஜீன். "கட்டிப்போட கயிறு என் வண்டியில இருக்கு."

கிளென் கடிகாரத்தைப் பார்த்தார். நான் எழுந்து தண்ணீர் குடித்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

"ஆர்லிஸ், உனக்கு என்ன, நாற்காலியில முள்ளா?" என்றாள் மார்ஜீன்.

"இல்ல."

"பின்ன உக்காரு. உன்னைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

ஏழு பத்து. ஏழு பன்னிரண்டு. நெல்டா பேனாவை மூடினாள். வெளியே கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

வெர்லின் உள்ளே வந்தான். காதுவரைக்கும் பதர். பூட்ஸ் வைத்த இடமெல்லாம் வைக்கோல் துரும்பு உதிர்ந்தது. என்னைப் பார்க்கவில்லை. தன் நாற்காலியில் உட்கார்ந்து சுத்தியலை எடுத்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வருகிறார்களா என்று நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை.

"நாலு பேர்" என்றாள் நெல்டா.

"எண்ணத் தெரியும் எனக்கு. போன மாசக் குறிப்பு சரியா இருக்கா? சரி. புதுசா யாருக்காவது ஏதாவது இருக்கா?"

கையைத் தூக்கினேன்.

"மே பதினாறாம் தேதி நிறைவேறின தீர்மானத்தை, உயிரியல் வகுப்புல பத்தி வாசிக்கிறதை, மறுபடி எடுக்கணும்னு கேக்கறேன். நான் ஆமான்னு போட்டவ."

மார்ஜீனின் வாய் திறந்தபடியே நின்றது. கிளென் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஹாஸ்கெட் தலை குனிந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"யாராவது வழிமொழியணும்" என்றான் வெர்லின். "மார்ஜீன், அஞ்சு வாரமா ஊர் முழுக்கப் பேசின வாய்தானே? தேவைப்படற நேரத்துல மூடிக்குமா?"

"வழிமொழியறேன்! வழிமொழியறேன்!"

"ஒரு தடவை போதும். நெல்டா, ஓட்டு எடுக்கறதுக்கு முன்னாடி நான் சொல்றதை எழுதிக்கோ. மே மாசம், ஆசிரியர்கிட்ட கேட்டாச்சுங்கற மாதிரி நான் பேசினேன். கேக்கல. கூட்டத்தன்னைக்கு மத்தியானம் பெட்டியில போட்டேன். அவ்வளவுதான் நடந்தது."

"பிள்ளைங்களுக்குப் பட்டமளிப்பு மோதிரம் விக்கிறவங்க நோட்டீஸுக்கு அடியில இருந்தது" என்றார் ஹாஸ்கெட். "ஜூன் மூணாம் தேதி பெட்டியைக் காலி பண்ணும்போதுதான் பாத்தேன்."

"அதையும் எழுது. ஆனா அந்தப் பத்தி சரின்னுதான் இன்னைக்கும் நான் சொல்றேன். அதை எழுதாம விட்டுடாதே."

நெல்டா தீர்மானத்தை வாசித்தாள். வேண்டுமா வேண்டாமா என்று பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தாள். மார்ஜீன் வேண்டாம் என்று சொல்லி முடிக்கவும், பக்கத்து உடற்பயிற்சிக் கூடத்தின் தகரக் கூரையில் ஒரே ஒரு கல் விழுந்தது. பிறகு மூன்று. பிறகு லாரியிலிருந்து ஜல்லி கொட்டினாற்போல மொத்தமாக.

அந்த அறையில் வயல் இல்லாதவர் கிளெனும் ஹாஸ்கெட்டும்தான். அவர்கள்கூட மேலே பார்த்தார்கள். வெர்லின் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிளென்?" நெல்டா கத்த வேண்டியிருந்தது.

"வேண்டாம்!"

"ஆர்லிஸ்?"

"வேண்டாம்!"

"வெர்லின்?"

அவன் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு திரும்பச் சொன்னான். "வேணும்! வேணும்னு எழுது!"

மூன்றுக்கு ஒன்று. சுத்தியலைத் தட்டினான். அதுவும் கேட்கவில்லை.

மழை விட்டதும் அவரவர் வண்டியில் கிளம்பினோம். ஹாஸ்கெட் என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். "அக்டோபர்ல பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க, போதும்" என்றேன். உறையை இரண்டாக மடித்துப் பின்பையில் வைத்துக்கொண்டார்.

இன்னும் வெளிச்சம் இருந்தது. ஊருக்கு வெளியே சாலை வெள்ளையாகக் கிடந்தது. வெர்லினின் வண்டி எனக்கு முன்னால் போய், மூலைக்கல்லுக்கு எதிரே நின்றது. நானும் நிறுத்தி இறங்கினேன்.

என் வயல் நின்றது. நனைந்து, தலை தொங்கி, ஆனால் நின்றது. நடுவில், விட்ட இடத்தில் அவன் மெஷின். சாலைக்கு அந்தப் பக்கம் அவனுடையது. அங்கே கோதுமை என்று சொல்ல ஒன்றும் இல்லை. யாரோ உருளைக்கட்டையை வைத்து ஊருக்குக் குறுக்கே ஒரே இழுப்பாக இழுத்தாற்போலத் தாள்கள் தரையோடு தரையாக, மேலே பனிக்கட்டி. ஆலங்கட்டி அப்படித்தான், பட்டையாக விழும். சாலை அகலம்தான் நடுவில்.

"வெர்லின்..."

"எதுவும் சொல்லாதே."

"நீ இங்கயே இருந்திருந்தாலும்..."

"தெரியும். இங்க இருந்திருந்தா உன்னுதைத்தான் அறுத்துக்கிட்டிருப்பேன். என்னுது எப்படியும் போயிருக்கும். கணக்குப் போட்டுட்டேன், சும்மா இரு."

குனிந்து ஒரு கல்லை எடுத்தான். கோழிமுட்டை அளவு. கையிலேயே உருக விட்டான்.

மறுநாள் காலை ஊர் முழுக்க அதே பேச்சு. காபிக்கடையில் என் காதுபடவே.

"தோத்துட்டு வெளிய வந்தான், ஆண்டவர் வயல்லயும் போட்டார் பாரு."

"நீ வேற. அவன் தோத்ததுக்கா? விட்டுக்குடுத்ததுக்கு. கூட்டத்துக்குப் போகாம இருந்திருக்கணும்."

"அப்ப ஆர்லிஸ் வயல்ல ஏன் விழல?"

"விதவைன்னு இரக்கப்பட்டிருப்பார்."

"மார்ஜீன் தோட்டத்துல தக்காளியெல்லாம் போச்சே, அது யார் தப்பு?"

நான் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு நாள் வெயில் அடித்து வயல் காய்ந்தது. வியாழக்கிழமை மத்தியானம் மெஷின் சத்தம் கேட்டது. கேட்கும்வரை வருவானா என்று எனக்கு நிச்சயமில்லை. அவன் வேறு யாரையும் அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. சாயங்காலம் கூடையோடு போனேன். இறங்கி வந்தான். பீரோக்கை எடுத்துக்கொண்டான். கல்லில் சாய்ந்து தின்றான். இரண்டாவதையும் எடுத்தான்.

"பாஸ்டர் போன் பண்ணினார்" என்றான் கடைசியில். "இன்னும் ஒரு ஏழெட்டுப் பேர் பண்ணிட்டாங்க. ஆண்டவர் என்ன சொல்ல வர்றாருன்னு யோசிச்சியான்னு எல்லாருக்கும் ஒரே கேள்வி."

"நீ என்ன சொன்னே?"

"ஆலங்கட்டின்னு சொன்னேன்." வாயைப் புறங்கையால் துடைத்தான். "மேகம் கனத்துச்சு, எங்கயாவது விழணும், விழுந்துச்சு. அதுல யார் கையெழுத்தையும் தேட வேண்டாம்னு சொன்னேன்."

நான் அவனைப் பார்த்தேன்.

"அப்படிப் பாக்காதேக்கா. சிப்பி வேற, ஆலங்கட்டி வேற."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லாமயே நல்லாத்தான் சொல்றே." தேநீர்ப் பாட்டிலை வாங்கிப் பாதி குடித்தான். "ஒரு வருஷம் கழிச்சு மறுபடி கொண்டு வருவேன்."

"கொண்டு வா. இந்தத் தடவை ஹாஸ்கெட் கையிலயே குடு."

"கையிலயே குடுப்பேன். நின்னு, படிக்கிறவரைக்கும் நிப்பேன்."

"அவர் ஆட்சேபம் சொல்வார்."

"சொல்லட்டும். கேட்டுக்கறேன்."

ஏணியில் ஏறினான். நான் கீழேயிருந்து கேட்டேன், "ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வர்றியா?"

கதவைப் பிடித்தபடி திரும்பினான்.

"இந்த ஞாயிறு வேண்டாம்."

"அதுக்கடுத்த ஞாயிறு?"

"அதுக்கடுத்த ஞாயிறு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். மெஷின் உறுமிக்கொண்டு என் கோதுமைக்குள் போனது. கூடையில் மூன்று பீரோக் மிச்சம் இருந்தது. அவன் வண்டிக் கதவைத் திறந்து, ஓட்டுகிற இருக்கையில் துணியால் மூடி வைத்துவிட்டு வந்தேன்.